ஆண்டவனுக்குக் காய்ச்சல்

ஃபானி புயல் புரட்டிப்போட்ட பூரியில் திரைக்குப் பின்னால் இறைவன் ஓய்வெடுக்க, திரைக்கு வெளியே மக்கள் மெல்ல மீண்டார்கள்.

காற்று நின்றதும் காதில் எதுவுமே விழவில்லை. பூரியில் அந்த நாளைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள். காக்கை கத்தவில்லை. நாய் குரைக்கவில்லை. சலசலக்க மரங்களில் இலை இல்லை, பல இடங்களில் மரமே இல்லை. "காற்று அடித்தபோது பயந்தேன். நின்றபோது அதைவிடப் பயந்தேன்" என்கிறார் ஜகந்நாதர் கோயிலுக்குத் தெற்கே ஒரு சந்தில் யாத்ரீகர்களுக்கு மூன்று அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் ஒரு விதவைப் பெண்மணி. சந்தில் எல்லோருக்கும் அவர் மாவுசி, அதாவது சித்தி. எனக்கும் அப்படித்தான் ஆனார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கடுமையான புயல்களில் நடுவே ஒரு கண் உண்டு. அது தலைக்கு மேலே வரும்போது காற்று அடங்கும், சில சமயம் வெயில்கூட எட்டிப் பார்க்கும். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடுத்த அடி விழும். 'காற்று நின்றால் வெளியே போகாதே' என்பது ஒடிசா கடற்கரையில் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்தி. எனவே உண்மையிலேயே புயல் ஓய்ந்த பிறகும் ஜனங்கள் நெடுநேரம் கதவைத் திறக்கவில்லை.

அது 2019 மே 3, வெள்ளிக்கிழமை. காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையே ஃபானி பூரிக்கு அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 175 முதல் 180 கி.மீ., இடையிடையே 205 கி.மீ. வரை. பெயரை வைத்தது வங்கதேசம். 'ஃபொனி' என்பதே சரியான உச்சரிப்பு. பாம்பின் படம் என்று பொருள். அது படமெடுத்து வருவதற்குள் மாநில அரசு சுமார் 12 லட்சம் பேரைப் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றியிருந்தது. ஒடிசாவில் 64 பேர் இறந்தார்கள். 1999 அக்டோபர் 29ல் பாராதீப் அருகே கரையேறிய சூப்பர் புயல், அரசுக் கணக்கிலேயே ஏறக்குறைய 10,000 உயிர்களைக் கொண்டுபோனது. அதோடு ஒப்பிட்டால் 64 சிறிய எண்தான். அந்த 64 வீடுகளில் போய் ஒப்பிட்டுக் காட்ட முடியாது.

உயிர் தப்பியவர்களுக்கு மற்றதெல்லாம் போயிருந்தது. மண்சுவர் வீடுகள் கரைந்தன. ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் தெருவுக்குத் தெரு பறந்து கிடந்தன. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன; நகரின் பல பகுதிகளில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. மின்சாரம் இல்லாததால் குழாயில் தண்ணீர் இல்லை, தொலைபேசி இல்லை, மே மாதப் புழுக்கத்தில் மின்விசிறி இல்லை. பொறுமை இழந்த மக்கள் குடிதண்ணீருக்காகவும் மின்சாரத்துக்காகவும் தெருவில் இறங்கினார்கள். பூரிக்கும் கோனார்க்குக்கும் நடுவே பாலுகண்ட் சரணாலயத்தில் சவுக்கும் முந்திரியும் ஒரே திசையில் தலைசாய்ந்து கிடந்தன, யாரோ சீப்பால் வாரிவிட்டதைப் போல.

ஏழு வாரம் கழித்து, ஜூன் மாதக் கடைசியில் நான் பூரிக்குப் போனேன். புயலுக்குப் பிறகு வரும் மன அமைதி பற்றி ஒரு கட்டுரை எழுதித்தர ஒப்புக்கொண்டிருந்தேன். ரயிலில் உட்கார்ந்து யோசித்தபோது கூச்சமாக இருந்தது. கூரைக்குப் பதில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருப்பவரிடம் போய் "உங்களுக்கு அமைதி கிடைத்ததா?" என்று எப்படிக் கேட்பது? கேட்டால் அடிக்காமல் விடுவாரா?

கேட்பதற்கு நான் ஒரு விநோதமான சமயத்தில் போய்ச் சேர்ந்திருந்தேன். ஜகந்நாதர் அப்போது காய்ச்சலில் படுத்திருந்தார்.

ஆண்டுதோறும் ஸ்நான பூர்ணிமை அன்று ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவரையும் சன்னதியிலிருந்து வெளியே மேடைக்கு எழுந்தருளச் செய்து 108 குடம் நீரால் அபிஷேகம் செய்கிறார்கள். அத்தனை தண்ணீரில் நனைந்தால் என்ன ஆகும்? சளி, காய்ச்சல். அடுத்த பதினைந்து நாட்கள் சுவாமிக்கு ஓய்வு, தரிசனம் கிடையாது. இதற்கு அணசர காலம் என்று பெயர். வழக்கமான நைவேத்தியங்கள் நிறுத்தப்பட்டு, பழமும் மூலிகை மருந்தும் தரப்படுகின்றன. பணிவிடை செய்பவர்கள் தைதாபதிகள். காட்டில் நீலமாதவனை வழிபட்ட சவரர் தலைவன் விசுவாவசுவின் வழிவந்தவர்கள் என்று கருதப்படுபவர்கள். அவர்கள் நடந்துகொள்வது பூசாரிகளைப்போல இல்லை. நோயாளிக்குக் கண்விழிக்கும் சொந்தக்காரர்களைப்போல இருக்கிறது.

2019ல் ஸ்நான பூர்ணிமை ஜூன் 17ம் தேதி வந்தது, ரத யாத்திரை ஜூலை 4ல். நான் போனது நடுவிலே. கோயிலின் உள்ளே மூங்கில் தட்டி மறைவில் மூன்று துணிச் சித்திரங்கள் தொங்கின. மூலவர்கள் எழுந்து வரும்வரை அவற்றுக்குத்தான் வழிபாடு. கூட்டம் இல்லை. சிங்கவாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் கடலோசை கேட்காமல் போய்விடும் என்று பூரியில் ஒரு நம்பிக்கை உண்டு. தங்கை சுபத்திரை அமைதி வேண்டும் என்று கேட்டதால் அப்படியாம். அன்று அதை நம்புவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

மாவுசியிடம் தயங்கித் தயங்கித்தான் கேள்வியைப் போட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பேசினார். புயலுக்குப் பிறகு மகன் புவனேஸ்வரத்திலிருந்து எப்படியோ வந்து சேர்ந்து, "கவலைப்படாதே அம்மா, தைரியமாக இரு, எல்லாம் சரியாகிவிடும்" என்றானாம். அக்கம்பக்கத்தாரும் அதையே சொன்னார்கள். நிவாரணத்துக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். தைரியமாக இருந்து இருந்து தனக்கு அலுத்துவிட்டது என்கிறார். "அப்புறம் ஸ்நான பூர்ணிமை வந்தது. சுவாமியே படுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் நானும் படுத்தேன். நாலு நாள் எழுந்திருக்கவே இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை."

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. மதம் என்றால் தைரியம் தரும், நம்பிக்கை தரும் என்று எழுதத்தான் நம் கை பழகியிருக்கிறது. உலகத்துக்கே நாதன் என்று பெயர் வாங்கிய தெய்வம் ஆண்டுக்கொருமுறை உடம்பு முடியாமல் படுத்து, கஷாயம் குடித்து, யாரையும் பார்க்க மறுத்து, பிறகு மெதுவாகத் தேறுகிறது என்பதைப் பூரிவாசிகள் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்கிறார்கள். படுத்துக் கிடப்பதற்கும் பஞ்சாங்கத்தில் இடம் இருக்கிறது. புயலுக்குப் பிந்தைய மௌனத்தை என்ன செய்வது என்று தெரியாமல் மற்ற ஊர்கள் தவிக்கலாம். பூரிக்கு அது முன்னமே பழகிய ஒன்று.

அந்தப் பதினைந்து நாளில் செய்யப்படும் சிகிச்சைகளில் ஒன்று புலுரி தைலம். நல்லெண்ணெயில் தாழை, மல்லிகை, மகிழம், சண்பகம் முதலிய பூக்களையும் வேர்களையும் சேர்த்து, பானையில் அடைத்து, ஓராண்டு மண்ணுக்கடியில் புதைத்து வைத்து எடுப்பார்கள். பூரியின் ஒரு மடம் இதைத் தயாரித்துத் தருகிறது. 2019ல் சுவாமிக்குத் தடவிய எண்ணெய் 2018லேயே மண்ணுக்குள் போனது. மேலே கூரைகள் பறந்த காலையில் அது கீழே தன் பாட்டுக்கு மணம் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு இதைச் சொன்ன கடைக்காரர் இதில் வியக்க ஒன்றுமில்லை என்பதுபோல் அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

படுத்தவர்கள் ஒருபுறம் என்றால், படுக்க நேரமில்லாதவர்கள் மறுபுறம். ரத யாத்திரையின் மூன்று தேர்களும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் செய்யப்படுகின்றன. ஜகந்நாதரின் தேருக்கு 16 சக்கரம், பலபத்திரருக்கு 14, சுபத்திரைக்கு 12, ஆக 42 சக்கரங்கள். அக்ஷய திருதியை அன்று வேலை தொடங்கவேண்டும் என்பது விதி. அந்த ஆண்டு அக்ஷய திருதியை மே 7. அதாவது புயல் அடித்து நான்கே நாள். ரத யாத்திரைக்கு மீதி 58 நாள். வீட்டில் விளக்கில்லாத தச்சர்கள் பெரிய வீதியில் உளியை எடுத்தார்கள். மின்சாரம் இல்லாததால் அவர்களுடைய வேலை எதுவும் தடைப்படாது. உளி, வாய்ச்சி, சுத்தியல், கைக்கணக்கு, அவ்வளவுதான். கோயிலின் மடைப்பள்ளியும் அப்படியே. விறகடுப்பு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மண்பானைகள், கங்கா யமுனா என்று பெயர் வைத்த கிணறுகள். நவீன நகரம் படுத்துவிட்ட நேரத்தில் 12ம் நூற்றாண்டு நின்றுகொண்டிருந்தது. (இதை ரொம்பவும் கொண்டாடத் தேவையில்லை. அதே 12ம் நூற்றாண்டை நம்பியிருந்தால் அந்த 12 லட்சம் பேரை யாரும் முன்கூட்டி எச்சரித்திருக்க முடியாது. செயற்கைக்கோளுக்கும் ஒரு கும்பிடு போடலாம்.)

வேலை என்ன செய்யும் என்பதை ரகுராஜ்பூரில் பார்த்தேன். பூரியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டரில், பார்கவி ஆற்றோரம், தென்னைகளுக்கு நடுவே இரண்டு வரிசை வீடுகள். அநேகமாக வீட்டுக்கு வீடு ஓவியர்கள். பட்டச்சித்திரம் என்ற துணி ஓவியம் அவர்கள் தொழில். பழைய பருத்தித் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். வெள்ளைக்குச் சங்குத்தூள், கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி, சிவப்புக்கு லிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம். ஃபானி இந்த ஊருக்குள் புகுந்து சுவர் ஓவியங்களைக் கழுவியது, பெட்டிகளில் இருந்த சித்திரங்களை ஊறவைத்தது, பனையோலைகளைக் கிழித்தது. வருடக்கணக்கில் வரைந்து சேர்த்ததெல்லாம் ஒரே பகலில் போனது.

எழுபதைத் தாண்டிய ஓர் ஓவியர் என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, தலைக்கு மேலிருந்த நீல நிறத் தார்ப்பாயைக் காட்டிச் சிரித்தார். அணசர காலத்துக்குத் துணிச் சித்திரம் பூரிக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. ஒடிசாவில் ஊருக்கு ஊர் ஜகந்நாதர் கோயில்கள் உண்டு. அங்கேயும் சுவாமிக்குக் காய்ச்சல் வரும். அவற்றில் ஒன்றுக்கு இவர் குடும்பம்தான் பரம்பரையாக வரைந்து தருகிறது. புயல் போனபோது ஸ்நான பூர்ணிமைக்கு 45 நாள் இருந்தது. துணி போயிற்று, வண்ணங்கள் போயிற்று. "அழலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பசை காய்ச்ச வேண்டுமே என்று ஞாபகம் வந்தது, எழுந்துவிட்டேன்" என்கிறார். மூன்று சித்திரங்களையும் நாள் தவறாமல் கொடுத்தார். எல்லாம் முடிந்து வீடு திரும்பிய இரவு உடம்பு நடுங்கத் தொடங்கியது என்று அவர் மருமகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். கிழவர் மறுக்கவில்லை. "நடுக்கம் போய்விட்டதா?" என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். கொஞ்சம் பாக்கி இருந்தது.

இந்தப் பாக்கியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 1999 புயலுக்கு ஓராண்டு கழித்து, பாதிக்கப்பட்ட பகுதிகளில் பிள்ளைகளையும் வளரிளம் பருவத்தினரையும் ஆராய்ந்த மனநல மருத்துவர்கள், அவர்களில் 30 சதவீதத்துக்கும் அதிகமானோர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு ஆளாகியிருப்பதைக் கண்டார்கள். வானம் தெளிந்து ஓராண்டு ஆகியும் மூன்றில் ஒரு பிள்ளைக்குப் புயல் ஓயவில்லை. கோயில் மணியும் பஜனையும் இதற்கு மருந்து என்று நான் எழுதப்போவதில்லை. மருத்துவர் வேண்டும்.

எல்லோருக்கும் சாய ஒரு தோள் கிடைத்தது என்றும் எழுத முடியாது. பூரியின் கடற்கரையிலேயே பெந்தகட்டா என்ற மீனவர் குடியிருப்பு இருக்கிறது. ஆந்திரக் கடலோரத்திலிருந்து வந்து தங்கிவிட்ட, தெலுங்கு பேசும் ஜனங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இயந்திரப் படகுகள் மீன்பிடிக்கத் தடை. புயல் வந்தபோது படகும் வலையும் கரையில் இருந்தன, கரையிலேயே உடைந்தன. ஜூன் 15ல் தடை நீங்கியபோது பலரிடம் கடலுக்குக் கொண்டுபோக ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் ஒரு நடுவயதுப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். அமைதி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கடலைக் காட்டினார். "அதுதான் அமைதியாக இருக்கிறதே, பாருங்கள். வலை எங்கே?" பிறகு நான் எந்தப் பத்திரிகை, என் பத்திரிகை வலை வாங்கித் தருமா என்று கேட்டார். நான் குறிப்பேட்டை மூடி வைத்தேன்.

மொழிபெயர்ப்பே பிழைப்பாகிப்போன எனக்கு அன்றிரவு அந்தச் சொல்லே உறுத்திக்கொண்டிருந்தது. ஹிந்தியிலும் ஒடியாவிலும் 'சாந்தி' என்று அவர்கள் சொன்னதையெல்லாம் நான் 'அமைதி' என்று எழுதிக்கொண்டிருந்தேன். தமிழில் அமைதி என்பது ஓசையில்லாமை மட்டுமா? 'அமை' என்ற வேரிலிருந்து வந்த சொல். அமைதல் என்றால் பொருந்துதல், உண்டாதல், நிறைதல். வீடு அமைந்தது, வேலை அமைந்தது என்கிறோமே, அந்த அமைதல். வலை அமையாமல் அந்தப் பெண்ணுக்கு எப்படி அமைதி வரும்? தமிழ் எம்.ஏ. படித்தபோது தேர்வுக்கு எழுதிய வேர்ச்சொல் விளக்கம், இருபது வருடம் கழித்து ஒரு மீனவப் பெண்ணின் ஏச்சில்தான் எனக்குப் புரிந்தது.

கடைசி நாள் பிரம்மகிரி. பூரியிலிருந்து சுமார் 25 கி.மீ. அணசர காலத்தில் ஜகந்நாதரைக் காணமுடியாதவர்கள் இங்குள்ள அலார்நாத்தைக் காண வருகிறார்கள். 16ம் நூற்றாண்டில் பூரியில் வாழ்ந்த சைதன்யர், அந்தப் பதினைந்து நாள் பிரிவைத் தாங்கமுடியாமல் இங்கே வந்து தங்கினார் என்பது வரலாறாகிவிட்ட வழக்கு. கருங்கல்லில் நான்கு கைகளுடன் விஷ்ணு. ஆழ்வார்நாதர் என்பதே அலார்நாத் ஆயிற்று, தெற்கிலிருந்து வந்த வைணவர்கள் வழிபட்ட தலம் என்று உள்ளூரில் சொல்கிறார்கள். பூரியின் எமார் மடத்துக்கும் எம்பெருமானார் என்ற ராமானுஜரின் பெயரிலிருந்துதான் பெயர் வந்தது. ஆக, நமக்கும் இந்த மண்ணில் கொஞ்சம் சொந்தம்.

இங்கே பால்பாயசம் பிரசித்தம். தொன்னையை வாங்கிக்கொண்டு நிழல் தேடினேன். நிழல் இல்லை. தென்னைகள் பாதி முறிந்து நின்றன. வெற்றிலைக் கொடிக்கால்கள் இருந்த இடத்தில் மூங்கில் குச்சிகள் குவிந்து கிடந்தன. ஒரு விவசாயி தோட்டத்து ஓரமாகக் குழி வெட்டித் தென்னங்கன்று வைத்துக்கொண்டிருந்தார். நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அவருக்கு வயது அறுபத்தைந்து இருக்கும். அந்தக் கணக்கைப் பார்த்தாரா என்று கேட்டேன். "காய்ச்சல்காரரைப் பார்க்க வந்தவர்தானே நீங்கள்? அவர் எழுந்திருக்க இன்னும் நாலைந்து நாள். நாம் அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது?" என்று சொல்லிவிட்டு மண்ணை மிதித்தார்.

ஜூலை 4ல் தேர்கள் ஓடின. அடுத்த ஆண்டு கொரோனா வந்து, பக்தர்கள் இல்லாமலே தேர் இழுக்கப்பட்டது. புயலும் நிற்கவில்லை. ஆம்பன், யாஸ், டானா என்று வங்கக் கடல் பெயர்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கோயிலைச் சுற்றி இருந்த பழைய கட்டடங்கள் பல இடிக்கப்பட்டு, 2024 ஜனவரியில் அகலமான சுற்றுப்பாதை திறக்கப்பட்டது.

அதற்குப் பிறகு ஒருமுறை போனேன். பிரம்மகிரித் தோட்டத்தில் அந்த விவசாயி இல்லை, மகன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். கன்றுகள் ஆளுயரத்தைத் தாண்டியிருந்தன. பெந்தகட்டாவில் அந்தப் பெண்ணைத் தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. மாவுசி மட்டும் அதே சந்தில், அதே மூன்று அறைகளுடன் இருந்தார். ஒலிபெருக்கிகளும் ஆட்டோக்களும் திரும்பிவிட்டதால் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.

முதல் தடவை சொல்லாத ஒன்றை இந்தத் தடவை சொன்னார். புயல் போன மறுநாள் இரவு புழுக்கம் தாங்காமல் மொட்டைமாடியில் பாயை விரித்துப் படுத்திருக்கிறார். அன்று அமாவாசை. ஊரில் ஒரு விளக்குக்கூட இல்லை. அவ்வளவு நட்சத்திரங்களைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்கிறார். கோபுரம் நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு கறுப்பாகத்தான் தெரிந்தது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் கேட்ட கடலோசை, நாற்பது வருடம் கழித்துப் படுக்கையில் கேட்டது. வீட்டில் அரிசி நனைந்து கிடக்கிறது, கூரை ஒழுகுகிறது, மகனைப் பற்றித் தகவல் இல்லை. "அப்போது எனக்கு ஒரு குறையும் இல்லை போல இருந்தது. இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். அதனால்தான் அன்றைக்கு உங்களிடம் சொல்லவில்லை."

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே மின்சாரம் போனது. ஒலிபெருக்கி பாதிப் பாட்டில் நின்றது. சந்து முழுக்க வீட்டுக்கு வீடு திட்டும் சத்தம். மாவுசி எழுந்து, சுவரில் சாய்த்து வைத்திருந்த பாயை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.